424 ஆண்டுகளை யார் சுமப்பது? மூன்றாம் பாகத்தை முடிக்க நான்கு வழிகள்

திருகோணமலையில் இருந்துகொண்டு நான் எழுதிவரும் மூன்று பாக விஞ்ஞானப் பெருநாவலின் முதல் இரண்டு பாகங்கள் முடிந்துவிட்டன. மூன்றாம் பாகத்தை எவ்வழியில் முடிப்பது என்ற கேள்வியோடு ஒன்றரை ஆண்டாக இருக்கிறேன். என் முன்னே நான்கு வழிகள் உள்ளன. நான்கையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் ஓர் அத்தியாயமாவது எழுதிப் பார்த்தேன். அவற்றை ஒன்றோடொன்று வைத்து நிறுக்கும் இக்கட்டுரை, நூற்றாண்டுகளைத் தாண்டும் கதையைக் கணக்குத் தவறாமல் தமிழில் எழுத விரும்பும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

கதையின் அடிப்படையை முதலில் சொல்லிவிட வேண்டும். முதற் பாகத்தின் முடிவில் ஒரு கப்பல் பூமியின் சுற்றுப்பாதையிலிருந்து புறப்படுகிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான புரொக்சிமா சென்டோரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கப்பலின் வேகம் ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். ஆகவே பயணம் 424 ஆண்டுகள். வேகமெடுக்கும் காலத்தையும் வேகங்குறைக்கும் காலத்தையும் இங்கே விட்டுவிடுகிறேன். அக்கா கப்பலில் போகிறாள். தம்பி, திருகோணமலையை அடுத்த கன்னியாப் பக்கத்து மேட்டில் அமைந்த ஏற்பி நிலையத்தில் அவளுடைய குரலைக் கேட்கத் தங்கிவிடுகிறான். இரண்டாம் பாகம் 180 ஆவது ஆண்டு வரை வருகிறது. அதன் கடைசிப் பக்கத்தில், அந்தத் தம்பியின் வழிவந்த ஒருத்தி கப்பலுக்கு ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு விளக்கை அணைக்கிறாள். மிச்சம் 244 ஆண்டுகள்.

இவ்வகை நாவலில் முதற் பாகம் வாசகருக்கு எழுதிக் கொடுத்த உறுதி போன்றது. ஒளியை மிஞ்சும் வேகம் இல்லை என்று அங்கே சொல்லிவிட்டால், ஆயிரம் பக்கம் தாண்டியபின் கதை சிக்கிக்கொண்டது என்பதற்காக அதை மாற்றக் கூடாது. முதற் பாகத்தைப் படித்த அயலிலுள்ள வயதான அம்மா ஒருவர் என்னிடம், "தம்பி, உந்தக் கணக்கெல்லாம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளை போய்ச் சேருமோ, சேராதோ? அதை மட்டும் சொல்லு" என்றார். அவருக்குப் பதில் சொல்லும் கடமையும் அந்த உறுதியைக் காக்கும் கடமையும் ஒன்றையொன்று இழுக்கின்றன. நான்கு வழிகளையும் அந்த இழுபறிக்குள் வைத்தே பார்க்கிறேன்.

முதல் வழி, பின்னால் புறப்படும் வேகக் கப்பல். பூமியில் தொழில்நுட்பம் வளர்ந்து, நூற்றாண்டுகள் கழித்துப் புறப்படும் புதிய கப்பல் பழைய கப்பலை முந்திச் செல்வதாக எழுதலாம். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான ஆர்முடுகலோடு பாதித் தூரம் வேகமெடுத்து, மறுபாதி வேகங்குறைத்துச் சென்றால், கப்பலில் இருப்பவருக்கு மூன்றரை ஆண்டும் பூமியில் இருப்பவருக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டும் ஆகும். இடைவழியில் அதன் வேகம் ஒளியின் வேகத்தில் 95 வீதத்தைத் தொடும். ஆயிரம் தொன் எடையுள்ள கப்பலை அந்த வேகத்தில் வைத்திருக்க வேண்டிய இயக்க ஆற்றல், இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் பயன்படுத்தும் ஆற்றலைப்போல் 300 மடங்குக்கும் மேல். எரிபொருளின் எடையும் அதை நிறுத்தும் செலவும் இதில் சேரவில்லை. கணக்கு இடங்கொடுத்தாலும் நான் இவ்வழியை எடுக்க மாட்டேன். 400 ஆண்டு உழைத்துச் சேர்ந்தவர்களை நேற்றுப் புறப்பட்டவர்கள் வரவேற்கும் காட்சி பலர் எழுதிப் பழகியது. அதைவிட முக்கியமானது, இரண்டு பாகங்களில் வாசகர் அழுதது வீண் என்று அந்தக் காட்சி சொல்லிவிடும். இதை இவ்வளவோடு விடுகிறேன்.

இரண்டாவது வழி உறைதுயில். இதில்தான் அதிக நாள் நின்றேன், ஏனெனில் இதில் அக்கா உயிரோடு இருப்பாள்.

உடலைக் குளிரவைத்துக் காலத்தை நிறுத்தும் எண்ணத்துக்கு இயற்கையில் சாட்சி உண்டு. ஆர்க்டிக் நில அணில் குளிர்காலத் துயிலின்போது தன் உடல் வெப்பநிலையைப் பூச்சியத்துக்கும் கீழே, ஏறத்தாழ மறை 2.9 பாகை செல்சியசு வரை இறக்குகிறது. ஆனாலும் அதன் குருதி உறைவதில்லை. 2023 இல், 100 நாள் வரை கண்ணாடிபோல் இறுகவைத்துச் சேமித்த எலியின் சிறுநீரகத்தை மீளச் சூடாக்கி வேறோர் எலிக்குப் பொருத்தி வேலைசெய்ய வைத்தார்கள். ஆகவே முழு மனிதருக்கு இது என்றுமே முடியாது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். கதிர்வீச்சு என்ற தடை மட்டும் எளிதில் விலகாது. கியூரியோசிட்டி ஊர்தி 2011, 2012 இல் செவ்வாய்க்குச் சென்ற வழியில் அளந்த அண்டக் கதிர்வீச்சு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவேட்டு (சீவேட்டு என்பது உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு, மில்லிசீவேட்டு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதே அளவை 424 ஆண்டுக்குப் பெருக்கினால் 280 சீவேட்டை நெருங்குகிறது. ஒரேயடியாக நாலைந்து சீவேட்டு பட்டாலே, மருத்துவம் இல்லாவிட்டால் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். தடித்த நீர்ச்சுவர் இதைப் பெருமளவு குறைக்கும். ஆனால் விழித்திருக்கும் உடல் நாள்தோறும் பட்ட காயத்தை நாள்தோறும் செப்பனிட்டுக்கொள்கிறது. உறைந்த உடலால் அது இயலாது, பட்டதெல்லாம் அப்படியே சேர்ந்து கிடக்கும்.

இதற்கு ஒரு விடையை அந்த அணிலே தந்தது. அது குளிர்காலம் முழுவதும் ஒரே மூச்சாய்த் துயில்வதில்லை. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை உடலைச் சூடாக்கி, ஒரு நாளுக்கும் குறைவாக வெதுவெதுப்பாக இருந்துவிட்டு மறுபடி குளிர்கிறது. அக்காவையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் எழுப்பினால் உடலுக்குத் தன்னைச் செப்பனிட இடைவெளி கிடைக்கும். 424 ஆண்டில் அப்படி அவள் விழித்திருக்கும் நாட்கள் பத்தாயிரத்துக்குச் சற்று மேல், அதாவது 28 ஆண்டுகள். 31 வயதில் புறப்பட்டவள் 59 வயதில் போய்ச் சேர்வாள்.

இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பதினைந்து நாள் என்பது நம் வீடுகளில் வெறும் எண்ணிக்கையாக இருப்பதில்லை. தகப்பனை இழந்தவர் அமாவாசை விரதமும் தாயை இழந்தவர் பூரணை விரதமும் பிடிக்கும் வழக்கத்தில் வளர்ந்தவள் அவள். இரண்டு பேரையும் இழந்துவிட்டுக் கப்பலேறியவள். ஆகவே அவள் விழிக்கும் ஒவ்வொரு நாளும் விரத நாளாகிறது; தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. நிலவே இல்லாத வெளியில், பூமியின் பஞ்சாங்கத்தைக் கணினியில் வைத்துக்கொண்டு அவள் ஒருபொழுது உண்டுவிட்டு மீண்டும் குளிர்ப்பெட்டிக்குள் போகிறாள். இந்த அத்தியாயத்தை 14 பக்கம் எழுதினேன். நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்படியிருந்தும் இவ்வழியை விட்டேன். முதற் பாகத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உறைதுயில் பரிசோதனை தோற்றதென்று நானே எழுதியிருக்கிறேன். அந்தத் தோல்வியால்தான் அவள் திரும்பிவராத பயணமென்று அறிந்து புறப்பட்டாள், தம்பியிடம் விடைபெற்ற காட்சியின் கனமெல்லாம் அந்த அறிவில் இருக்கிறது. இரண்டாவது காரணம் கப்பலைப் பற்றியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுபவளுக்கு மற்றவர்கள் முகங்களாக மட்டுமே தெரிவார்கள். அவளுடைய ஓராண்டில் ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து அவள் கண்முன்னே பதினைந்து வயதுப் பிள்ளையாகிவிடும். அவளைத் துயிலவைத்துக் காக்கும் வேலைக்கு மற்ற எல்லோரும் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அந்த அநியாயத்தைப் பற்றி ஒரு நல்ல நாவல் எழுதலாம், ஆனால் அது இந்த நாவலாக இராது. 14 பக்கங்களையும் தனிக் கதையாக வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, கப்பலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு போவது. முதலிரு பாகங்களின் நேரான தொடர்ச்சி இதுதான். விதி எதுவும் மீறப்படாது. கப்பல் வளையத்தின் ஆரை 224 மீற்றர். நிமிடத்துக்கு இரண்டு சுற்றுச் சுழன்றால் விளிம்பில் பூமியின் ஈர்ப்பு கிடைக்கும். அந்தச் சுழற்சியின் விளைவை நான் தேத்தண்ணியில் காட்டினேன். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றினால் தேத்தண்ணி நேரே விழாது. ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் விலகி விழும். முதல் தலைமுறைக்கு அது கையைச் சுடும் தொல்லை. மூன்றாம் தலைமுறைப் பிள்ளை கோப்பையைத் தானாகவே அந்த ஆறு சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிக்கிறது. பூமியில் தேத்தண்ணி நேரே விழும் என்று கிழவி சொன்னால் அதைப் பிள்ளை புராணக் கதையாகக் கேட்கிறது. இப்படிப்பட்ட நுணுக்கங்களுக்கு இவ்வழி அளவில்லாமல் இடந்தரும்.

உயிரைத் தாங்கும் மூடிய சூழலும் கதைக்கு நல்ல பொருள். அமெரிக்காவின் அரிசோனாவில் 1991 இல் எட்டுப் பேரை உள்ளே வைத்து மூடிய பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்தில், பதினாறு மாதத்தில் ஒட்சிசன் 20.9 வீதத்திலிருந்து 14.5 வீதத்துக்கு இறங்கியது. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தின்று காபனீரொட்சைட்டை விட்டன, அதைக் கொங்கிறீற்றுச் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டன. சுவரும் மூச்சுவிடும் என்பதை எவரும் எண்ணியிருக்கவில்லை. இரண்டாம் பாகத்தின் நடுவில் வரும் நெருக்கடியை நான் இதிலிருந்தே கட்டினேன்.

பிறவாதவர்களைக் கடமையால் கட்டும் கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பழைய பதில் கிடக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலைக் கட்டி, தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகளைக் கொண்டுவந்து இருத்தி, யாருக்கு எந்தத் தொழும்பு என்று தலைமுறைக்கும் வகுத்துவைத்த செய்தியைக் கோணேசர் கல்வெட்டு என்ற நூல் விரிவாகச் சொல்கிறது. விளக்கேற்றுவது இன்னார், பூக்கொண்டுவருவது இன்னார் என்று அந்தக் குடிகளின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் அன்றே வேலை எழுதப்பட்டது. தலைமுறைக் கப்பல் என்பதும் அதுதான். இன்னொன்றும் உண்டு. இவ்வகைக் கதைகளில் சந்ததியினர் தாங்கள் கப்பலில் இருப்பதையே மறந்துபோவதாக எழுதுவது வழக்கம். எனக்கு அது நம்பத்தக்கதாகப் படவில்லை. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் கோணமாமலையைப் பாடிய பதிகத்தை இன்றும் இங்கே பாடுகிறோம், பல அடிகள் உரையில்லாமலே விளங்குகின்றன. எழுத்தும் பாட்டும் உள்ள சமூகம் 400 ஆண்டில் தன் ஊரை மறக்காது.

இத்தனை இருந்தும் எனக்குத் தயக்கம் வருவது ஆட்தொகையில். 244 ஆண்டு என்றால் பத்துத் தலைமுறை. வாசகர் ஒருவரோடு பழகி முடிப்பதற்குள் அவரை அடக்கம் செய்துவிட்டு அடுத்தவரை அறிமுகப்படுத்த வேண்டும். இரண்டாம் பாகத்தில் ஏழு தலைமுறையை அப்படித்தான் கடத்தினேன். ஐந்தாவது தலைமுறையில் நானே களைத்துப்போனேன், அந்தப் பகுதியை வாசித்தவர்களும் அதைச் சொன்னார்கள். ஆறு சென்ரிமீற்றர் தேத்தண்ணியைப் பத்து முறை எழுத முடியாது.

நான்காவது வழி, கப்பலுக்குள் போகாமல் கன்னியா மேட்டிலேயே நின்றுவிடுவது. மூன்றாம் பாகம் முழுவதும் பூமியில் நடக்கும். கப்பலில் நடப்பதெல்லாம் பதில்களாக மட்டுமே வந்துசேரும்.

ஒரு வாசகர் முதலில் கேட்கக்கூடிய கேள்வி, திருகோணமலையிலிருந்து அந்த நட்சத்திரம் தெரியுமா என்பது. புரொக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் அயலிலுள்ள அல்பா சென்டோரி, கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி இரவுகளில், கோட்டைப் பக்கத்தில் நின்று தெற்கே கொட்டியாரக் குடாவைப் பார்த்தால், மூதூர் வெளிச்சங்களுக்கு மேலே, நீட்டிய கையின் இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். புரொக்சிமா உச்சத்தில் இங்கே 19 பாகைக்கு மேல் எழாது. தொடுவானத்திலிருந்து பத்துப் பாகைக்கு மேலே நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம்தான் அது இருக்கும். தெற்கு அரைக்கோளத்தில் வைத்த ஏற்பிக்கு இதைவிட நெடுநேரம் கிடைக்கும் என்பது உண்மை. கதையிலும் முதன்மை நிலையங்கள் அங்கேதான் இருந்தன, ஆட்சிகள் மாறியபோது பெரிய நிலையங்களுக்குப் பணம் நின்றது. ஆறு மணித்தியாலச் சின்ன நிலையம் யார் கண்ணிலும் படாமல் தப்பியது. நிலைய நாட்குறிப்பில் இன்னொரு மாற்றமும் பதிவாகும். பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல் மெல்லச் சுற்றிவருவதால், 400 ஆண்டில் அந்த நட்சத்திரம் எங்கள் தென்வானில் ஒன்றரைப் பாகைக்கு மேல் தாழ்ந்துவிடும். மூன்று முழுநிலவை அடுக்கிவைத்த அளவு.

தொலைவிலிருக்கும் ஒன்றோடு கேள்விபதிலால் மட்டும் உறவு வைத்திருப்பது சுவையற்றது என்று எண்ணியிருந்தேன். வொயேஜர் 1 அதை மாற்றியது. 1977 இல் புறப்பட்ட அந்த விண்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. ஒளிவேகத்தில் செல்லும் கட்டளைக்கும் போய்ச்சேர இருபத்திரண்டரை மணித்தியாலம், பதில் வர மறுபடி அவ்வளவு. பதிற்றாண்டுகள் பழைய ஆவணங்களைப் புரட்டி, நினைவகத்தில் பழுதான ஒரு சில்லைக் கண்டுபிடித்து, நிரலைத் துண்டுதுண்டாக வேறிடத்துக்கு மாற்றி, 2024 ஏப்பிரலில் அதை மீண்டும் பேசவைத்தார்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு இரண்டு நாள் மூச்சை அடக்கிக் காத்திருந்தவர்களின் முகங்களை நினைத்துப் பார்த்தபோது எனக்கு என் மூன்றாம் பாகம் தெரிந்தது.

பிறகு கணக்குப் போட்டேன். ஒரு பதில் வந்த அன்றே அடுத்த கேள்வி அனுப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் விலகிக்கொண்டே போவதால் ஒவ்வொரு காத்திருப்பும் முந்தியதைவிட நூற்றுக்கு இரண்டு நீளும், கூட்டு வட்டிபோல. 180 ஆவது ஆண்டில் கேட்ட கேள்விக்குப் பதில் மூன்றரை ஆண்டு தாண்டி வரும். கடைசிக் கட்டத்தில் ஒரு பதிலுக்கு எட்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 244 ஆண்டையும் நிரப்ப நாற்பத்திரண்டு கேள்விகள் போதும். எவரும் பத்துத் தலைமுறையை வாசிக்கக் களைப்பார், நாற்பத்திரண்டு கடிதங்களை வாசிக்க மாட்டேன் என்று சொல்லார்.

இங்கே என் பிழையொன்றையும் சொல்ல வேண்டும். முதற் பாகத்தில் பயணம் 424 ஆண்டு என்று எழுதியபோது, புரொக்சிமா நம்மை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றர் வந்துகொண்டிருப்பதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. அதைச் சேர்த்தால் கப்பல் மூன்று ஆண்டு முந்தி, 421 ஆவது ஆண்டிலேயே போய்ச் சேரும். திருத்திய எண்ணை வைத்துக் கேள்விகளை மறுபடி எண்ணினேன். 42 ஆவது பதில் 417 ஆவது ஆண்டில் கன்னியாவுக்கு வருகிறது. அன்றே புறப்படும் 43 ஆவது கேள்வி, கப்பல் நட்சத்திரத்தை அடையும் அதே 421 ஆவது ஆண்டில் அங்கே போய்ச் சேருகிறது. இதை நான் திட்டமிடவில்லை. இரண்டாம் பாகத்தை 180 இல் நிறுத்தியதும் வேகத்தை நூற்றில் ஒரு பங்கென வைத்ததும் வேறு வேறு காரணங்களுக்காக. எண்கள் தாமாகவே வந்து பொருந்தின. அயலிலுள்ள அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில், 43 ஆவது பதிலாக, 425 ஆவது ஆண்டில் வரும்.

மூன்றாவது வழியையும் நான்காவது வழியையும் எதிரெதிரே வைத்தால், எதை இழக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். நட்சத்திரம் கண்முன்னே பெரிதாகும் காட்சியை, கோளின் தரையில் முதற் கால்படும் கணத்தை, வாசகர் நேரே பார்க்க மாட்டார். விஞ்ஞானப் பெருங்கதையில் அதற்காகவே காத்திருந்தவர்கள் உண்டு, அவர்கள் ஏமாற்றம் அடைவது நியாயமே. ஆனால் காலம் எவர் உடலில் ஏறுகிறது என்பதே இந்த நாவலின் விடயம். வேகக் கப்பல் காலத்தைத் தாண்டிவிடுகிறது, உறைதுயில் தள்ளிப்போடுகிறது, தலைமுறைக் கப்பல் அதைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டுவிடுகிறது. நின்ற இடத்தில் நின்று காத்திருப்பவர் மீதுதான் அது முழுதாக இறங்குகிறது.

எங்கள் கோட்டை வாசற் கல்லில் இரு கயல்களோடு சிதைந்துபோன தமிழ் வரிகள் இருக்கின்றன. குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான், அதன்பின் பூனைக்கண்ணனும் செங்கண்ணனும் புகைக்கண்ணனும் ஆள்வார்கள் என்று அவ்வரிகளை நிரப்பிச் சொல்லும் வெண்பாவைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். நூற்றாண்டுகளை அந்த வெண்பா அளப்பது வாசலில் நின்றவர் கண்ட வந்தேறிகளின் கண்களைக் கொண்டு. அது முன்னறிவிப்பா, பின்னால் எழுதியதா என்ற விவாதம் எனக்கு வேண்டாம். காலத்தை எங்கே நின்று சொல்வது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். 1620களில் போர்த்துக்கேயர் உடைத்துக் கடலில் தள்ளிய அந்தக் கோணேசர் கோயிலின் தூண்களை, 1956 இல் சுவாமி மலையடிக் கடலில் சுழியோடிய விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கண்டார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் அவை அங்கேயே கிடந்தன.

ஆகவே நான்காவது வழியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன். ஆறு கேள்விகளும் ஆறு பதில்களும் முடிந்து, கதை 203 ஆவது ஆண்டுக்கு வந்திருக்கிறது. நிலையத்தைப் பார்த்துக்கொள்பவளுக்கு இப்போது 78 வயது. ஏழாவது பதில் வர நான்கு ஆண்டும் ஒரு மாதமும் ஆகும். தனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்பதா, தனக்குப்பின் அந்த நாற்காலியில் இருக்கப்போகும் பதினேழு வயதுப் பேத்திக்குத் தேவைப்படுவதைக் கேட்பதா என்று அவள் இரண்டு தாள்களில் இரண்டு கேள்விகளை எழுதி மேசையில் வைத்திருக்கிறாள். தெற்கே நட்சத்திரம் பத்துப் பாகைக்கு மேலே ஏற இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது.